நீலம் படாத இடம்

பதினாறு வருடங்களாக நான் குளங்களுக்கு நிறம் தீட்டிவந்தேன். கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் அதுதான் என் வேலை. நில அளவையாளர்கள் கொண்டுவரும் வரைபடத்தில் வயலுக்குப் பச்சை வைப்பேன், மேட்டுக்காணிக்கு மஞ்சள், அணைக்கட்டுக்குச் செம்மண் நிறம். எல்லாம் காய்ந்த பிறகு தண்ணீர் நிற்கப்போகும் இடத்துக்கு நீலம். சில வரைபடங்களில் அந்த இடத்துக்குள் வீடுகளைக் குறிக்கும் சிறிய கறுப்புச் சதுரங்கள் இருக்கும். அவற்றின் மேலும் நீலத்தை இழுத்துக்கொண்டு போவேன். அந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

1965 ஐப்பசியில் ஒரு சுவாமியாரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. முல்லைத்தீவுக் கரையோரம், மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கும் சிறிய கத்தோலிக்கக் குடியிருப்பு ஒன்றின் கோயிலை அவர் பார்த்துவந்தார். முந்திய மார்கழிப் புயலில் அங்கே இருபத்திரண்டு பேர் போனார்கள். பதினைந்து பேரைக் கடல் கரையில் கொண்டுவந்து போட்டது. ஏழு பேர் வரவில்லை. கார்த்திகை, இங்கிலீசில் நவம்பர், இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். அன்று ஒவ்வொரு குடும்பமும் சேமக்காலைக்குப் போய், தன் ஆட்களின் கல்லறையைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்தும். ஏழு குடும்பங்களுக்குக் கொளுத்த இடமில்லை. சேமக்காலையில் உள்ள சிறிய செபக்கூடத்தில் ஒரு படத்தை மாட்டினால் அதன் கீழே அவர்கள் கொளுத்துவார்கள் என்று எழுதியிருந்தார். கடைசி நாளில் கடல் தனக்குள் இருக்கும் மரித்தவர்களைத் திருப்பிக் கொடுப்பதாக வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் அருளப்பர் கண்ட காட்சிதான் படம். எங்கள் ஊர்த் திருநாளுக்கு நான் வரைந்த அந்தோனியார் கொடியை அவர் எங்கோ கண்டிருக்கிறார். மனித முகம் என்று நான் வரைந்தது அது ஒன்றைத்தான்.

இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கக் கூரை மட்டும் எஞ்சியிருந்தது. அதன் கீழ் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பலகையில் கடுதாசியை நனைத்து ஒட்டினேன். முதலில் வானம். நிறம் காய்ந்தபோது அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் கிளம்பின. நான் தண்ணீர் அள்ளியது புயலன்று கடல் ஏறிய கிணற்றில். தண்ணீரில் இன்னும் உப்பு இருந்தது. அடுத்த நாள் தொடக்கம் ஒரு மைல் தள்ளியுள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து ஒரு பெண் வாளியில் அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். விமலேஸ்வரி என்று பெயர். வட்டக்கச்சியில் வயல்காரக் குடும்பத்துப் பெண். எமிலியான் என்பவனை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று, கலியாணம் செய்து இந்தக் கரைக்கு வந்தவள். வந்த ஒன்றரை வருடத்தில் புயல். வராத ஏழு பேரில் எமிலியானும் ஒருவன்.

காட்சியை எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாட்கள் ஒன்றும் தோன்றவில்லை. சும்மா கரையில் இருந்தேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க, நடுவில் வலையின் மடி மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. அதைப் பார்த்தபிறகு எழுந்துபோய் வரையத் தொடங்கினேன். வானம் எரியும் தென்னங்கிடுகுபோலச் சுருண்டு கருகுகிறது. சந்திரன் இரத்த நிறம். கரையில் இரண்டு வரிசையாகச் சிறகுள்ள சம்மனசுகள் நின்று கயிறு இழுக்கிறார்கள். கடல் முழுவதுமே வலை. அதன் மடிக்குள்ளிருந்து மனிதர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

பெண்கள் வந்து தங்கள் ஆட்களைப் பற்றிச் சொன்னார்கள். புகைப்படம் ஒருவரிடமும் இல்லை. ஒருத்தி தன் தகப்பனின் இடது தோள் சற்று இறங்கியிருக்கும் என்றாள். ஒருத்தி தம்பியின் காதைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைத்தாள். லூர்தம்மா என்ற பெருத்த பெண் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்ர மனிசன் தாடி வழியெண்டால் ஒரு நாளும் வழிக்காது. மோட்சத்துக்குப் போறதுக்கெண்டாலும் வழிச்சு விடுங்கோ."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பிறகு சம்மனசுகளைப் பார்த்து, இவர்கள் ஒரு நாளும் வலை இழுத்தவர்கள் இல்லை, குதிக்கால் மணலுக்குள் இறங்கவில்லை, இப்படி நின்றால் மடி கரைக்கு வராது என்றாள். அவள் சொன்னது சரி. எல்லாச் சம்மனசுகளின் கால்களையும் மணலுக்குள் இறக்கினேன்.

வரையத் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம் மதலேனம்மா வந்தார். எமிலியானின் தாய். அறுபது வயதிருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. உள்ளே வராமல் கதவு இருந்த இடத்தில் நின்றார். அப்போது நான்கு பேரை வரைந்திருந்தேன். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"தம்பி, என்ர பிள்ளையைக் கீறாதேங்கோ."

நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"செத்தவையைக் கீறினால் அது படம். உயிரோட இருக்கிறவனை உதுக்குள்ள கீறினால் அதுக்கு என்ன பேர்?"

அவர் போனபிறகுதான் மற்றவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். புயலடித்த அடுத்த மாதம், கருவாடு வாங்க வரும் கலந்தர் என்ற வியாபாரி ஒரு கதை கொண்டுவந்தார். வள்ளத்தோடு அடிபட்டுப்போன மூன்று பேர் இந்தியக் கரையில், கோடிக்கரைப் பக்கம் ஏறியிருக்கிறார்கள் என்று வவுனியாவில் யாரோ அவருக்குச் சொன்னார்களாம். இந்தக் கரையில் அது நடக்காத காரியமல்ல. சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் அடிபட்டுப்போய், அங்கே மறியலில் அடைபட்டிருந்து, எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத் தாடியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. சுவாமியார் கோடிக்கரைப் பக்கத்துக் கோயிலுக்கு எழுதிக் கேட்டார். சித்திரையில் பதில் வந்தது. மூன்று பேர் ஏறியது உண்மை. அவர்கள் வேறு ஊர்க்காரர், வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மதலேனம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடலில் மூன்று பேர்தான் மிதப்பார்களோ என்று சுவாமியாரைத் திருப்பிக் கேட்டாராம். அதன்பிறகு கலந்தர் அவர் வீட்டு ஒழுங்கையால் வருவதில்லை.

அடுத்த நாள் காலை விமலேஸ்வரி வாளியை வைத்துவிட்டு வழக்கம்போலப் போகவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, அவரைக் கீறுங்கோ."

"உங்கட மாமி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போறா."

"தெரியும்." கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "ஒவ்வொரு நாளும் இரவைக்கு அவருக்கும் கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கவேணும். மாமி நிண்டு பாப்பா. காலமை அந்தச் சோத்தை நான்தான் தின்னுறன். பத்து மாசமாத் தின்னுறன்."

அவளுடைய தமையன் இரண்டு முறை வட்டக்கச்சியிலிருந்து வந்து கூப்பிட்டிருக்கிறான். புருஷன் இருக்கிறவள் ஏன் தாய்வீட்டுக்குப் போகவேண்டும் என்று மதலேனம்மா அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவளும் போகவில்லை. துக்கம் கொண்டாடவும் மாமியார் விடவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையில் வராத மற்ற ஆறு பேரின் பெயர்களும் வாசிக்கப்பட்டபோது இவள் எங்கே நிற்பதென்று தெரியாமல் கோயில் வாசலில் நின்றாளாம்.

"நான் ஆர் எண்டு ஒராள் சொல்லட்டும் அண்ணை. அவர் இருக்கிறாரெண்டால் காத்துக்கொண்டிருக்கிறன். இல்லையெண்டால் அழுறன். ரெண்டும் இல்லாமல் எப்பிடி இருக்கிறது?"

அன்று முழுவதும் தூரிகையைத் தொடவில்லை. மாலையில் சுவாமியாரிடம் போனேன். அவர் செபப்புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். அவனைச் செத்தவன் என்று சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை, உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் இல்லை என்றார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"வஸ்தியாம்பிள்ளை, நீர்தான் கீறுறீர்."

ஆறு பேரையும் முடித்தேன். ஆறு பேரும் மண்நிற உடம்போடு, கண் கூசுவதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் ஒன்றும் வைக்காமல் விட்டேன். எனக்கு அது பழகிய வழி. ஒரு காணி யாருக்கென்று இன்னும் தீர்ப்பாகாவிட்டால் வரைபடத்தில் அதற்கு நிறம் வைக்கமாட்டோம். வெறுமையாக விட்டால், முடிவு வரவில்லை என்று பார்க்கிறவருக்கு விளங்கும். தாய்க்கும் மனைவிக்கும் இதைவிட நேர்மையாக என்னால் ஒன்றும் செய்யமுடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குச் சிறிய பெருமையும் இருந்தது.

கடலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். திருநாளுக்கு முதல்நாள் காலையில் மழை விட்டிருந்த நேரம் பார்த்து நீலத்தைக் கரைத்து இழுத்தேன். ஆறு பேரையும் சுற்றி, அந்த வெற்றிடத்தையும் சுற்றி, கரிய நீலம். முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது கால் நின்றுவிட்டது.

என் பெட்டியில் வெள்ளை நிறம் கிடையாது. எங்களுக்கு வெள்ளை என்பது கடுதாசிதான். வானம் கருகி, சந்திரன் சிவந்து, கடல் இருண்டு கிடக்க, அந்தப் படம் முழுவதிலும் வெள்ளையாக இருந்தது அந்த ஒரு இடம் மட்டுமே. அது வெற்றிடமாகத் தெரியவில்லை. ஒருவன் ஒளியை உடுத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

எனக்கு முன்னரே பெண்கள் அங்கே வந்திருந்தார்கள். நான்கைந்து பேர். லூர்தம்மா முழங்காலில் இருந்தாள். சுவாமியார் பிரசங்கத்தில் எத்தனையோ முறை சொல்லி அவர்களுக்குத் தெரிந்த விஷயம் அது: அதே காட்சியில், மீட்கப்பட்ட ஆத்துமாக்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்படும்.

"எங்கட ஆக்கள் எல்லாம் இன்னும் மண்நிறமா நிக்கினம்," என்றாள் லூர்தம்மா. "மதலேனக்காவின்ர பொடியன்தான் முதல் உடுத்திருக்கிறான்."

அவள் குரலில் பொறாமை இருந்தது. நான் அது ஆள் இல்லை, நிறம் வைக்காத இடம் என்று சொன்னேன். காணி, வரைபடம், தீர்ப்பு என்று எதையெல்லாமோ சொன்னேன். அவர்கள் மரியாதைக்காகக் கேட்டார்கள். வரைந்தவனுக்கே தெரியாமல் அது வந்திருக்கிறது என்று ஒரு கிழவி மற்றவளிடம் சொல்வது கேட்டது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

பின்னேரம் மூன்று மணிபோல மதலேனம்மா வந்தார். வழியில் இரண்டு மூன்று பேர் அவரைக் கட்டிப் பிடித்து, நீ பாக்கியசாலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் விமலேஸ்வரி. இந்த முறை மதலேனம்மா வாசலில் நிற்கவில்லை. மேசைக்கு நேரே வந்தார்.

பார்த்தார். அவர் உதடுகள் வெளுத்திருந்தன.

"மூடுங்கோ."

"அம்மா, அதில நான் ஒருவரையும் கீறேல்லை. சும்மா விட்ட இடம்."

"அப்பிடியெண்டால் மூடுங்கோ. அங்க கடல்தான் இருக்கு. என்ர பிள்ளை அங்க இல்லை."

நீலத்தை வைத்தால் திரும்ப எடுக்கமுடியாது என்றேன். எடுக்கச் சொல்லி யார் கேட்டார்கள் என்றார். நான் விமலேஸ்வரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிண்ணத்தில் மிச்சம் இருந்த நீலத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். படத்தின் கீழேயுள்ள கரைக்குள் வடிந்துவிடாமல் இருக்கப் பலகையைத் தலைகீழாகத் திருப்பி, என் பக்கம் சற்றுச் சரித்து வைத்தேன். கந்தோரில் எப்போதும் செய்வதுதான். மேலே ஒரு கோடு இழுத்தால் நிறம் திரண்டு கீழே இறங்கும். அதைத் தூரிகையால் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஈரம் காயமுன் முடிக்கவேண்டும் என்பதால் தலையை நிமிர்த்தாமல் வேலை செய்வேன். அப்படித்தான் செய்தேன்.

என் பக்கத்திலிருந்து பார்க்க அது மேலிருந்து கீழே இறங்கும் நீலம். மேசையின் மறுபக்கத்தில் நின்ற மதலேனம்மாவுக்குப் படம் நேராகத் தெரிந்தது. அவருக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காலை மூடியது. முழங்காலை மூடியது. இடுப்பு. நான் அதை யோசிக்கவில்லை. கோடு கோணாமல் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். நெஞ்சளவு தாண்டியபோது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எடுங்கோ."

நிமிர்ந்தேன்.

"அவனை எடுங்கோ தம்பி. தாழுறான். எடுங்கோ."

துணியை எடுத்து ஒற்றினேன். மற்ற நிறங்கள் என்றால் வந்திருக்கும். எங்கள் கந்தோர் நீலம் கடுதாசியின் நாருக்குள் இறங்கிவிடும். துணி நனைந்தது, இடம் வெளுக்கவில்லை. நல்ல தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். நீலம் சாம்பலாகியது, கடுதாசியின் தோல் பஞ்சுபோலக் கிளம்பியது, வெள்ளை வரவில்லை. மதலேனம்மா என்னைத் தள்ளிவிட்டுத் தன் சீலைத் தலைப்பால் தேய்க்கத் தொடங்கினார். தேய்க்கத் தேய்க்க மூச்சு வாங்கியது. வாயால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது மகனின் பெயர் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. விமலேஸ்வரி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"விடுங்கோ மாமி. கிழிஞ்சுபோகும்."

கைகள் நின்றன. விரல் நுனிகள் நீலமாக இருந்தன.

கழுத்துக்கு மேலே, தலை இருக்கவேண்டிய இடத்தில், பெருவிரல் நகமளவு வெள்ளை எஞ்சியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். வெளியே மழை மறுபடியும் தொடங்கி, கூரை இல்லாத பாதியில் கொட்டியது. தூரிகையின் நுனி என் கையிலேயே காய்ந்துபோனது. மதலேனம்மா பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்தார். விமலேஸ்வரி அவர் கைகளை விடாமலே பக்கத்தில் இருந்தாள். பத்து மாதம் ஒரே வீட்டில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவையோ என்று எனக்குத் தோன்றியது.

"கடைசியில என்னைக் கூப்பிட்டிருப்பானோ?" என்று மதலேனம்மா கேட்டார்.

அவரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வருமென்று விமலேஸ்வரி எதிர்பார்க்கவில்லை. அவள் முகம் கோணியது.

"உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார் மாமி."

மதலேனம்மா தலையை ஆட்டினார். அந்தக் கடைசிக் கூப்பிடலில் தன் பங்கை விட்டுக்கொடுத்தே அவள் அதைச் சொன்னாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு எழுந்து வந்து, பழையபடி மேசையின் மறுபக்கத்தில், படம் நேராகத் தெரியும் இடத்தில் நின்றார்.

"மிச்சத்தையும் மூடுங்கோ தம்பி."

நான் தயங்கினேன்.

"அப்பிடி விடாதேங்கோ. கழுத்தளவு தண்ணிக்குள்ள அவன் எவ்வளவு நேரமெண்டு நிக்கிறது?"

தூரிகையை நனைத்து மென்மையாக்கினேன். கிண்ணத்தின் அடியில் இருந்த நீலம் போதுமாயிருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். ஒரு சொட்டு. அது விரிந்து ஓரத்தைத் தொட்டது. அங்கே இப்போது கடல் மட்டும் இருந்தது, தேய்த்த இடத்தில் சற்றுச் சொரசொரப்பாக.

மதலேனம்மா சிலுவை அடையாளம் போட்டார். மரித்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்கும் செபத்தைத் தொடங்கினார். ஊரில் எல்லோருடைய கல்லறையிலும் அவர் சொல்லியிருப்பார்; மகனுக்காக ஒரு முறையும் சொன்னதில்லை. முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். மறு பாதியை மற்றவர்கள் சொல்லவேண்டும்.

விமலேஸ்வரி சொன்னாள். இடையில் ஒரு சொல்லில் தடுமாறி, திரும்ப அந்தச் சொல்லிலிருந்து தொடங்கி, முழுவதையும் சொன்னாள்.

மூன்று முறை சொன்னார்கள். மூன்றாவது முறை சொல்லி முடித்தபோதும் நீலம் காய்ந்திருக்கவில்லை.